'இல்லை' என்று சொல்லத் தெரியாத கடை

அப்பாவின் டைரியில் கடைசிப் பக்கத்தில் ஏழு வரிகள் இருக்கின்றன. 2021-இல் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டவை. ஆப்பைத் திற. வலது மேல் மூலையில் மூணு கோடு. 'என் ஆர்டர்கள்'. பேட்டரி படம். 'மறுபடி வாங்கு'. விலாசம் சரியா பார். பணம் கையில். அதற்கு அடியில் சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு: '312 - பிரவுன் ஸ்டிக்கர்'.

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 76. கும்பகோணத்தில் அம்மாவோடு இருக்கிறார், நான் சென்னையில். இரண்டு காதிலும் மிஷின் வைத்திருக்கிறார். ஒரு பேட்டரி அவருக்குச் சுமார் ஒரு வாரம் வரும். ஆறு பேட்டரி கொண்ட ஓர் அட்டை மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த ஏழு வரிகளை வைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்கு மேல் யாரிடமும் கேட்காமல் அவரே வாங்கிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. "ஆர்டர் போட்டுட்டேன், புதன்கிழமை வந்துடும்" என்று போனில் சொல்லும்போது குரலில் தெரியும்.

பிறகு ஒருநாள் அந்தக் கடை தன் ஆப்பைப் புதுப்பித்தது.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இதே மாதிரி நாலு கடை உங்கள் போனிலேயே இருக்கும். மூணு கோடு போய்விட்டது. 'என் ஆர்டர்கள்' கீழே ஒரு சின்ன மனித உருவத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. 'மறுபடி வாங்கு' இருந்த இடத்தில் 'இதுபோன்றவை' வந்தது. டைரியின் ஏழு வரிகளில் ஐந்து செல்லாக்காசு. அப்பா வேறு வழியில்லாமல் முதல்முறையாகத் தேடல் பெட்டியில் தட்டினார்.

வந்த பேட்டரி 13.

காது மிஷின் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பேட்டரிகள் பொதுவாக நாலு அளவில் வரும்: 10, 312, 13, 675. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்டிக்கர். 10-க்கு மஞ்சள், 312-க்குப் பிரவுன், 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த நிறம்தான். கண் மங்கியவர்களும் விரல் நடுங்குபவர்களும்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. இதில் 312-க்கும் 13-க்கும் குறுக்களவு ஒன்றே, 7.9 மில்லிமீட்டர். உயரம்தான் வேறு. 312 என்றால் 3.6 மில்லிமீட்டர், 13 என்றால் 5.4. அதாவது 13-ஐ 312 மிஷினில் வைத்தால் உட்காரும். குழியில் சரியாகப் பொருந்துகிற மாதிரியே இருக்கும். கதவு மட்டும் மூடாது.

மூடவில்லை என்றதும் அப்பா அழுத்தியிருக்கிறார். அந்தக் கதவு நகத்தளவுதான் இருக்கும், அதன் கீல் அதைவிடச் சின்னது. உடைந்துவிட்டது. சரிசெய்து வர ஒன்பது நாள். இன்னொரு காதுக்கும் பேட்டரி இல்லை, ஏனென்றால் ஸ்டிக்கரை உரித்துவிட்ட பேட்டரியைக் கடை திரும்ப எடுக்காது. இவை காற்றில் இயங்கும் துத்தநாகப் பேட்டரிகள். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் வேலை ஆரம்பித்துவிடும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கேள்வி கேட்டாலும் தலையாட்டினார். அம்மா சமையற்கட்டுக்கு என்னை இழுத்துப் போய், "உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு" என்றாள். அப்புறம் நான் போய் எதிரே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 'ஏன் சொல்லலை?' அவர் அதைப் படித்துவிட்டு, "என் தப்புதாம்மா. சரியா பாக்காம வாங்கிட்டேன்" என்றார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வாக்கியம்தான்.

டொனால்ட் நார்மன் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-இல் எழுதிய புத்தகத்தில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முட்டிக்கொள்பவர், கதவைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். அப்பா நாற்பது வருஷம் உயர் அழுத்த மின்கம்பிகளோடு வேலை செய்தவர். எந்த ஃபியூஸுக்கு எந்தக் கம்பி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் 'சரியாகப் பார்க்காத' ஆள் இல்லை. எனவே அன்று இரவு அவருடைய போனையே வாங்கி, அவர் தட்டிய அதே சொற்களைத் தட்டிப் பார்த்தேன்: ஹியரிங் எய்ட் பேட்டரி 312.

முதலில் வந்தவை நாலும் விளம்பரம். 'விளம்பரம்' என்ற சொல் வெளிர்சாம்பலில், எறும்பு சைஸில். ஒன்று 675. ஒன்று ஒலிபெருக்கி மாதிரி ஒரு சார்ஜ் மிஷின். ஒன்று, கேமரா வைத்த காதுகுடைச்சி (இது எதற்கு?). நாலாவதுதான் அப்பா வாங்கியது. அதன் தலைப்பு இப்படி இருந்தது: 'ஹியரிங் எய்ட் பேட்டரி 10 / 312 / 13 / 675 எல்லா மிஷினுக்கும்'. விற்பவர் எல்லா எண்ணையும் தலைப்பில் திணித்துவைத்திருக்கிறார், யார் எந்த எண்ணைத் தேடினாலும் தன் சரக்கு வரட்டும் என்று. உள்ளே போனால் அளவு தேர்வு செய்ய நாலு கட்டம். ஏற்கெனவே தேர்வாகியிருப்பது 13. நான் தேடியது 312, தலைப்பில் 312 இருக்கிறது, திறந்தால் 13. 'கூடையில் சேர்' பொத்தான் திரையின் அடியில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கிறது. அளவுக் கட்டங்களைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு விரல் தூரம் கீழே தள்ள வேண்டும். தள்ளாமலே வாங்கிவிடலாம். அப்பா தள்ளாமல் வாங்கிவிட்டார்.

பழைய ஆப்பில் இடதுபக்கம் 'பேட்டரி அளவு' என்று ஒரு ஃபில்டர் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2021-இல் முதல்முறை வாங்கும்போது அதைத்தான் சொடுக்கினேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எத்தனை பொருள் என்ற எண்ணும் இருக்கும். இப்போது இருக்கிற ஃபில்டர்கள்: விலை, நட்சத்திரம், தள்ளுபடி, 'நாளைக்கே டெலிவரி', நிறம். நிறத்தில் பிரவுன் இருக்குமோ என்று ஓர் ஆசையில் பார்த்தேன். 'வெள்ளி' மட்டும் இருந்தது. பேட்டரியின் நிறமாம்.

கடைக்குள் போய் ஒன்றைக் கேட்டால், மூன்று பதில்தான் சாத்தியம். இருக்கிறது. இல்லை. அல்லது, நீங்கள் கேட்பது எனக்குப் புரியவில்லை, இன்னும் கொஞ்சம் விளக்குங்கள். இரும்புக் கடையில் போய் 'ஒரு போல்ட்' என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "எத்தனை நூல்? நாலு நூலா, ஆறு நூலா? நீளம்?" என்று உடனே எதிர்க்கேள்வி வரும். சொன்னால், ஒன்று எடுத்துக் கொடுப்பார், இல்லை என்றால் "இல்லீங்க" என்பார். ஆறு நூல் கேட்டவரிடம் அஞ்சு நூலைச் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கடைக்காரரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் அந்தக் கடைக்கு மறுபடி போவேனா?

இந்த 'இல்லை' என்ற பதிலைத்தான் ஆன்லைன் கடைகள் ஒழித்துவிட்டன என்பது என் வாதம். புதுப்பித்த ஆப்பில் நான் ஒரு சோதனை செய்தேன். '312' என்பதற்குப் பதில் இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்தேன்: ஹியரிங் எய்ட் பேட்டரி 999. பக்கம் பக்கமாக வந்தன. முதல் நாலும் அதே நாலு.

ஏன் இப்படி ஆனது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று, காசுக் காரணம் ஒன்று. முதலாவதைப் பார்ப்போம், அது சுவாரசியமானது.

பழைய பாணித் தேடல் எந்திரம் ஒரு சொல்லடைவு மாதிரி. புத்தகத்தின் பின்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தெந்தப் பக்கம் என்று போட்டிருப்பார்களே, அதேதான். 'பேட்டரி' வரும் பொருட்களின் பட்டியல், '312' வரும் பொருட்களின் பட்டியல், இரண்டிலும் இருப்பவற்றை மட்டும் காட்டு. எதுவும் இல்லையா, 'எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல். கண்டிப்பான வாத்தியார். எழுத்து ஒன்று பிசகினாலும் கை விரிப்பார். இந்தக் கண்டிப்பால் மக்கள் அவதிப்பட்டதும் உண்மை. பேட்டரிக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டால் ஊரில் பேட்டரியே இல்லை என்று சொல்லும் கடை நல்ல கடை இல்லை.

எனவே தளர்த்தினார்கள். எல்லாச் சொல்லும் பொருந்த வேண்டாம், சில பொருந்தினால் போதும். அடுத்து இன்னும் ஒரு படி: சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்போம் என்று, ஒவ்வொரு சரக்கையும் ஒவ்வொரு தேடலையும் நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி, ஒரு பெரிய வெளியில் புள்ளிகளாக வைத்து, பக்கத்தில் இருக்கும் புள்ளி எது என்று பார்க்கும் முறை. இதில் 'மழைக்குப் போட்டுக்கொள்வது' என்று தேடினால் ரெயின்கோட் வரும். பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, பக்கத்துப் புள்ளி என்று ஒன்று எப்போதும் இருக்கும். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இருப்பவற்றில் கிட்டக்க இருப்பது ஒன்று இருந்தே தீரும். 'இல்லை' என்ற பதில் இந்த முறையில் இயல்பாக வராது. 'இவ்வளவு தூரத்துக்கு மேல் போனால் இல்லை என்று சொல்' என்று யாராவது வேலைமெனக்கெட்டு ஒரு கோடு கிழிக்க வேண்டும். இரண்டாவது, 'காது மிஷின் பேட்டரி 312', 'காது மிஷின் பேட்டரி 13' இரண்டும் பொருளில் ஏறக்குறைய ஒன்றுதானே? எனவே ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கும். எண்ணும் பார்ட் நம்பரும் இந்த முறைக்குப் பலவீனமான இடம் என்பது இத்துறையில் இருப்பவர்கள் அறிந்ததுதான். அதனால்தான் கவனமாகச் செய்பவர்கள் பழைய சொல்லடைவு முறையையும் கூடவே ஓடவிட்டு இரண்டையும் சேர்க்கிறார்கள்.

1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய தேடல் சோதனைகளில் இருந்து இரண்டு அளவுகோல்கள் இன்றுவரை நிற்கின்றன. வேண்டியவற்றில் எத்தனை பங்கு வந்தது என்பது ஒன்று. வந்தவற்றில் எத்தனை பங்கு வேண்டியது என்பது இன்னொன்று. ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது பெரும்பாலும் குறையும். ஆராய்ச்சிக் கட்டுரை தேடுபவருக்கு முதலாவது முக்கியம், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. பேட்டரி தேடும் அப்பாவுக்கு இரண்டாவதுதான் எல்லாம். அவருக்கு நாலாயிரம் பொருள் வேண்டாம். ஓர் அட்டை வேண்டும்.

இங்கே நான் ரங்கநாதனைக் கொண்டுவராமல் போனால் இந்தத் தளத்தின் பழைய வாசகர்கள் ஏமாந்துபோவார்கள். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்று, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான் விளக்கிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாமே என்ற யோசனை அங்கே பிறந்தது. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு அதுதான் வித்து. ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஒரே ஒரு பொந்தைத் தேடுவதை விட்டு, அது எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று முகம் முகமாகப் பிரித்தார்.

ஆன்லைன் கடையின் ஓரத்தில் இருக்கும் ஃபில்டர் பட்டியல் அந்தச் சிந்தனையின் வாரிசு. அளவு ஒரு முகம், வகை ஒரு முகம், தயாரிப்பாளர் ஒரு முகம். கடையில் பிறந்த யோசனை, நூலகத்தில் வளர்ந்து, திரும்பவும் கடைக்கே போனது. போன இடத்தில் இப்போது பிடுங்கி எறிகிறார்கள். 1931-இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிப்பதைப் பற்றியது. கடையின் தேடல் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்த விதியைத் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

நன்றாகச் செய்ய முடியாது என்பதெல்லாம் இல்லை. அமெரிக்காவில் மெக்மாஸ்டர்-கார் என்று ஒரு பழைய நிறுவனம், 1901-இல் தொடங்கியது. திருகு, குழாய், வால்வு, ஸ்பிரிங் இப்படிப்பட்ட சாமான்கள். அவர்களுடைய இணையதளம் பார்ப்பதற்குப் பத்திருபது வருஷம் பழையது மாதிரி இருக்கும். மெனக்கெட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு திருகைத் தேடினால், தலை எப்படி இருக்கும் என்று கோட்டுப்படம் போட்டுக் கேட்கும். புரி அளவு, நீளம், உலோகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். நம்ம இரும்புக் கடைக்காரரின் எதிர்க்கேள்விகளேதான். எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்களுக்கு டிஜிகீ தெரிந்திருக்கும், அங்கும் இதே ஒழுங்கு. இந்த இரண்டு இடத்திலும் வாங்குபவர் பொறியாளர். தப்பான சாமான் வந்தால் அவர் வேலை நிற்கும், அடுத்த ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும். பேட்டரி வாங்கும் ஓய்வூதியக்காரருக்கு அந்த மரியாதை கிடையாது.

அடுத்தது காசு. தேடல் பக்கத்தின் முதல் நாலு இடம் விற்பனைக்கு. இதில் ரகசியம் ஏதும் இல்லை. அமேசானின் 2023 ஆண்டுக் கணக்கில் விளம்பர வருமானம் மட்டும் சுமார் 4,690 கோடி டாலர். (அப்பா வாங்கியது அங்கே அல்ல. கணக்கு வெளியில் கிடைப்பதால் சொல்கிறேன்.) அதே 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் போட்ட ஏகபோக வழக்கில், தேடல் முடிவுகளுக்கு நடுவே சம்பந்தமில்லாத விளம்பரங்களை நிரப்புவதும் ஒரு குற்றச்சாட்டு. கூகுளைத் தொடங்கிய இருவர் 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடல் எந்திரம் தேடுபவரின் தேவையை விட்டு விளம்பரக்காரர் பக்கம் சாயும் என்று எழுதிவைத்தார்கள். பிறகு அவர்களும் அந்தப் பிழைப்புக்கே போனார்கள், அது வேறு கதை.

விளம்பரத்துக்கும் 'இல்லை'க்கும் என்ன சம்பந்தம் என்றால், 'எதுவும் கிடைக்கவில்லை' என்ற பக்கத்தில் விற்க இடமில்லை. ஃபில்டர் நன்றாக வேலை செய்து மூன்றே பொருள் வந்தால் அங்கேயும் இடம் குறைவு. பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு மனை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்த மாதிரி மாற்றங்களைச் செய்யும்போது, பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது காட்டி, எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இத்துறை வழக்கம். அந்த அளவுகோலில் அப்பாவின் கதையைப் போட்டுப் பாருங்கள். தேடினார், நாலாவதைச் சொடுக்கினார், ஒரு நிமிஷத்தில் வாங்கினார், திருப்பி அனுப்பவில்லை. முழு வெற்றி! பழைய ஆப்பில் ஃபில்டரைத் தேடி, எண்ணைப் பார்த்து, யோசித்து வாங்க எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? கீல் உடைந்தது அந்தக் கணக்கில் வராது. ஒன்பது நாள் தலையாட்டிக்கொண்டே இருந்தது வராது. சரியான பேட்டரியை நான் மறுபடி அங்கேயே வாங்கியிருந்தால், அது இரண்டாவது வெற்றியாகச் சேர்ந்திருக்கும்.

சட்டம் ஏதாவது சொல்கிறதா என்று தேடிப் பார்த்தேன். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பல விற்பனையாளர்களை ஏற்றி நடத்தும் கடை, எந்த அடிப்படையில் பொருட்களை வரிசைப்படுத்துகிறது என்பதைச் சாதாரண மொழியில் எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். எங்கள் கடையும் வெளியிட்டிருக்கிறது, ஆறு சொடுக்குத் தள்ளி. 'பொருத்தம், பிரபலம், கிடைக்கும் நிலை முதலான காரணிகள்' என்று ஒரு பத்தி. ஜாதகத்தில் 'கிரகநிலைகளைப் பொறுத்து' என்று போடுவது மாதிரி. 2023 நவம்பர் 30 அன்று வந்த இன்னொரு வழிகாட்டுதல் இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கிறது. விளம்பரத்தை விளம்பரம் மாதிரி தெரியாமல் மறைப்பது அதில் ஒன்று. எறும்பு சைஸ் எழுத்து அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஒரு ஃபில்டரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது அந்தப் 13-இல் எதிலும் வராது. அது ஏமாற்று இல்லையே, 'புதுப்பிப்பு'.

தமிழில் தேடினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். அப்பாவுக்கு அதுதான் சௌகரியம். ஆப் தமிழில் இருப்பதாக விளம்பரமும் செய்கிறார்கள். 'காது மிஷின் பேட்டரி' என்று தட்டினேன். தையல் மிஷின் வந்தது. சிரித்துவிட்டேன், பாவம், அதற்கு 'மிஷின்' மட்டும் புரிந்திருக்கிறது. 'செவித்துணைக் கருவி' என்றேன். கருவிப்பெட்டி, சுத்தியல், ஸ்பேனர். வேறு ஒன்றைப் பார்ப்போம் என்று 'கொசுவலை', 'கொசு வலை', 'கொசுவலைகள்' மூன்றையும் போட்டால் மூன்று வேறு பட்டியல். இன்னொரு நுணுக்கமான வில்லங்கமும் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே துண்டாகச் சேர்ப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியும் சொல்கிறது, ஆனால் ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை நிரல் எழுதுபவர் செய்ய வேண்டும். ஒரு வரி வேலை. இரண்டு விதமாகவும் ஒட்டிப் பார்த்தேன், ஒன்றுக்கு வலை வந்தது, மற்றதற்கு வரவில்லை. மெனுவை மொழிபெயர்த்துவிட்டால் தமிழ் ஆப் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

நிகண்டு செய்த மொழி இது. ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள் என்று தொகுத்து மனப்பாடம் செய்துவைத்த மரபு. கடைக்கும் அப்படி ஒரு நிகண்டுதான் வேண்டும்: 312, பி.ஆர்.41, பிரவுன் ஸ்டிக்கர் மூன்றும் ஒன்று. 13, பி.ஆர்.48, ஆரஞ்சு மூன்றும் ஒன்று. முன்னதும் பின்னதும் ஒருபோதும் ஒன்றல்ல. நாலே வரி. எல்லாச் சரக்குக்கும் இப்படிச் செய்வது பெரிய உழைப்பு என்பது தெரியும். யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு வகைச் சாமானையும் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் விற்பவர் திணிக்கும் தலைப்புக்கு விட்டுவிட்டார்கள்.

கடையின் கருத்துப் பெட்டியில் இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். 500 எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. அளவு ஃபில்டரைத் திரும்பக் கொடுங்கள், தேடிய அளவையே முதலில் தேர்வாக வையுங்கள், சரக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள் என்று மூன்று வரி. நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது, இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியோடு.

வீட்டில் யாருக்காவது இந்தப் பேட்டரி வாங்குபவர்களுக்கு: எண்ணோடு பி.ஆர். குறியீட்டையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். படத்தில் ஸ்டிக்கர் நிறத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தலைப்பை நம்பாதீர்கள். உரித்ததும் உடனே மாட்டாமல் ஓரிரு நிமிஷம் காற்றில் வைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். கதவு மூடாவிட்டால் அழுத்தவே கூடாது.

மிஷின் சரியாகி வந்த அன்று அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். நானும் பின்னாலேயே நடந்து போனேன். "312 இல்லைங்க ஐயா. 13 இருக்கு, அது உங்களுக்குச் சேராது. வியாழக்கிழமை வந்துடும், எடுத்து வைக்கட்டுமா?" என்றார் கடைப் பையன். அப்பா டைரியை எடுத்து அந்த ஏழு வரிகளின் மேல் ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட்டு, அடியில் கடையின் போன் நம்பரை எழுதிக்கொண்டார். அட்டைக்கு முப்பது ரூபாய் அதிகம்.

ஆப்பை அவர் போனில் இருந்து நான் எடுக்கவில்லை, அம்மா மளிகைக்கு வைத்திருக்கிறாள். போன வாரம் அதில் இருந்து ஒரு அறிவிப்பு வந்ததாக அப்பா படம் பிடித்து அனுப்பினார். 'மறுபடி வாங்கு' பொத்தான் திரும்பி வந்திருக்கிறது, நல்ல பெரிய எழுத்தில். பக்கத்தில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி.